விரல் பயிலும் தமிழ்

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் கல்லையும் செம்பையும் ஓலையையும் தாளையும் விரிவாகப் பேசியுள்ளனர். பிராமியும் வட்டெழுத்தும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெற்றுள்ளன. வீரமாமுனிவர் செய்த திருத்தமும் பெரியார் வகுத்த சீர்திருத்தமும் மாணவர் அறிந்தவை. ஆயினும், தாளில் மேடாக எழுந்து, விரல்நுனியால் பயிலப்பெறும் புள்ளித் தமிழுக்கு அவ்வரலாற்றில் அரிதாகவே இடம் கிடைக்கிறது. பார்வையற்ற மாணவர் வகுப்பறையில் பிறரோடு ஒப்ப அமர்வதற்கு வழிவகுத்த கருவிகளுள் தலையாயது இவ்வெழுத்தே ஆகும். இது தோன்றிய வரலாறும், தமிழுக்கு வந்து சேர்ந்த வரலாறும், இன்று இதற்கு நேர்ந்துள்ள நிலையும் இலக்கிய அன்பர்கள் அறியத்தக்கன.

பாரிசில் பிறந்த எழுத்து

பார்வையற்ற சிறார்க்கென வாலந்தின் ஹவுயி என்பார் 1780களில் பாரிசு மாநகரில் ஒரு பள்ளியை நிறுவினார். பார்வையுடையோர் படிக்கும் உரோமன் எழுத்துகளையே பெரிதாக்கி, தாளில் புடைப்பாக அச்சிட்டு, அவற்றை விரலால் தடவிப் படிக்கச் செய்தார். அம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும், ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிவந்து அறிய வேண்டியிருந்தமையால் படிப்பு மெல்ல நடந்தது. நூல்கள் பெருஞ்சுமையாயின. மாணவர் தம் கையால் எழுதுவதற்கோ அம்முறையில் எளிய வழியில்லை. கண்ணுக்கென அமைந்த வடிவம் விரலுக்கு ஏற்றதாக அமையவில்லை.

முன்னாள் படை அலுவலரான சார்லசு பார்பியே புள்ளிகளால் எழுதும் முறையொன்றை வகுத்தார். பன்னிரண்டு புள்ளிகள் வரை கொண்ட அம்முறை 1821ஆம் ஆண்டு அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. அது சொல்லின் ஒலியை மட்டுமே குறித்தது, எழுத்துக்கூட்டைக் குறிக்கவில்லை. நிறுத்தற்குறிகளுக்கும் அதில் இடமில்லை.

அப்பள்ளியில் 1819இல் சேர்ந்திருந்த மாணவர் லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல் தொழிற்கூடத்துக் கூரிய கருவியொன்றால் கண்ணில் காயமுற்று, பின்னர் இரு கண் பார்வையையும் இழந்தவர். பார்பியேயின் புள்ளிகளை ஆராய்ந்த அவர், பன்னிரண்டு புள்ளிகள் விரல்நுனியில் அடங்காமையையும், ஒலியை மட்டும் குறிக்கும் முறை இலக்கியக் கல்விக்குப் போதாமையையும் உணர்ந்தார். பதினைந்து வயதளவில் ஆறு புள்ளிகளில் அடங்கும் முறையைக் கண்டார். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என அமையும் இவ்வாறு புள்ளிகளால் 63 குறிகளை ஆக்கலாம். ஒவ்வொரு குறியும் ஒரே தொடுகையில் விரலுக்குப் புலப்படும். இம்முறையை விளக்கும் அவரது நூல் 1829இல் வெளிவந்தது.

புதியது எளிதில் ஏற்கப்படவில்லை. 1840இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற துஃபோ இவ்வெழுத்தைத் தடை செய்தார். பார்வையுடைய ஆசிரியர் படிக்கவியலாத எழுத்து மாணவரைத் தனிமைப்படுத்தும் என்பது எதிர்த்தோர் கருத்து. மாணவரோ அதனை மறைவாகப் பயின்றனர். அவர்தம் பற்றுறுதியால் சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. பிரெயில் 1852இல் மறைந்தார். 1854இல் பிரான்சு அவரது முறையை ஏற்றது.

இந்திய மொழிகளுக்கு ஒரு நெறி

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி சார்ப் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் 1890இல் இப்பணியைத் தொடங்கினார். கல்வி பரவப்பரவ, பகுதிக்கொரு புள்ளி முறையும் தோன்றியது. நோல்சும் கார்த்வெயிட்டும் ஒரு முறை வகுத்தனர்; கல்கத்தாவில் லால் பிகாரி சா மற்றொன்றை வகுத்தார். ஒரு முறையில் பயின்றவர்க்கு மற்றொரு முறையில் அமைந்த நூல் பயன்படாமற் போயிற்று. நூல்களே அரிதாயிருந்த காலத்தில் இது பெருங்கேடாக முடிந்தது.

1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவின் முன் வைத்தது. அதன் அறிவுரைஞராக அமர்ந்த நியூசிலாந்து நாட்டவர் சர் குளூதா மெக்கென்சி 1915ஆம் ஆண்டுக் கலிப்போலிப் போரில் பார்வையிழந்தவர்; தேராதூனில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்க்கான இல்லத்தை நடத்தியவர். 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூத்திலும் கூடிய மாநாடுகளின் பயனாகப் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை உருவாயிற்று. இந்திய மொழிகளில் ஒத்த ஒலியுடைய எழுத்துகளுக்கு ஒரே குறி என்பது இதன் அடிப்படை. தமிழ் மகரமும் இந்தி மகரமும் ஒரே குறியால் எழுதப்பெறும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரிய ழகரமும் அவ்வாறே.

புள்ளித் தமிழின் இலக்கணம்

இம்முறையில் அமைந்த தமிழ், மரபிலக்கணத்தோடு இயைந்து நிற்பது வியப்புக்குரியது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் அமையும் என்பது தொல்காப்பிய நூன்மரபு கூறும் நெறி. அச்செழுத்தில் 'கொ' என எழுதுங்கால் கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னுமாகப் பிரிந்து நிற்கின்றன. புள்ளித் தமிழிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம் என ஒலிக்கும் முறையிலேயே குறிகள் நிற்கின்றன. மெய்யைக் காட்டும் புள்ளி மட்டும் எழுத்தின் மேல் நில்லாது, அதற்கு முன் தனிக்குறியாக வருகிறது.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், புள்ளி ஆகிய 32 குறிகளால் 247 எழுத்துகளும் அமைந்துவிடுகின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது அச்சுக்கூடங்கள் ணா, றா, னா முதலியவற்றின் வடிவை மாற்ற வேண்டியிருந்தது. புள்ளித் தமிழுக்கு அம்மாற்றம் தேவைப்படவில்லை.

லகரத்திற்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள்; ளகரத்திற்கு வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். பல்லியும் பள்ளியும் செவிக்கு மயங்கினும் விரலுக்கு மயங்குவதில்லை.

எழுத்தாணியும் பொறியும்

இதனை எழுதும் கருவி தமிழர்க்குப் புதியதன்று. அதுவும் ஓர் எழுத்தாணியே. துளைகள் அமைந்த சட்டத்துள் தடித்த தாளைச் செருகி, வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிப்பர். எழுதுங்கால் ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றி நினைத்தல் வேண்டும். டேவிட் ஆபிரகாம் உருவாக்கி 1951இல் பரவலாக வெளிவந்த பெர்க்கின்சு பொறியில் ஆறு விசைகளை அழுத்த, எழுத்து மேல்முகமாகவே எழும். எழுதியதை உடனே படிக்கலாம்.

1974இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கிய பின், பொதுப்பள்ளிகளிலும் பார்வையற்ற மாணவர் கூடுதலாக இடம்பெறலாயினர். அங்குப் பழைய இடர் மீண்டும் தலைகாட்டியது: மாணவர் எழுதியதை ஆசிரியர் படிக்கவியலவில்லை. இவ்விடரைக் கணினி பெரிதும் தீர்க்கவல்லது. புள்ளியெழுத்தை அச்செழுத்தாகவும் அச்செழுத்தைப் புள்ளியெழுத்தாகவும் மாற்றும் மென்பொருள்கள் இன்று உள்ளன.

செவியும் விரலும்

கணினித் திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்களும் தமிழ் பேசுகின்றன. ஆசுதிரேலியாவில் 2006இல் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைக்கிறது. பிறர் படித்துக் காட்டக் காத்திருந்த மாணவர் தாமே நாளிதழ் படிக்கவும் தேர்வுக்கு ஆயத்தம் செய்யவும் இவை உதவுகின்றன. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும், செவிவழிக் கல்வி மட்டுமே போதும், புள்ளியெழுத்து வேண்டா என்னும் முடிவு, பிரெயில் கடந்துவந்த பார்பியேயின் நிலைக்கே மாணவரை மீட்டும் கொண்டு செல்லும். தமிழில் இதன் கேடு மிகுதி. ரகர றகரங்களும் நகர னகரங்களும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் வேறுபாடின்றி ஒலிக்கின்றன. 'மரம்', 'மறம்' ஆகியவற்றைக் கேட்டு மட்டும் பயிலும் மாணவர் எழுத்து வேறுபாட்டை எங்ஙனம் அறிவார்? இரண்டாம் எழுத்தின் ஒன்றிப்பாகிய எதுகையை எங்ஙனம் காண்பார்? சீர் பிரிந்து நிற்கும் இடமும் அடி முடியும் இடமும் குரலோட்டத்தில் மறைந்துவிடும்; விரலுக்கோ அவை இடைவெளியாகப் புலப்படும். செய்தி அறியச் செவி போதும். யாப்பு அறியவும் கவிதை எழுதவும் எழுத்து வேண்டும்.

சட்டம் இன்று துணைநிற்கிறது. 2012இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவங்களில் நூல்களை ஆக்க இடந்தந்தது. 2013இல் உருவான மராக்கேசு உடன்படிக்கைக்கு 2014இல் முதலாவதாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. இனி வேண்டுவது நூல் வெளியிடுவோரின் ஒத்துழைப்பு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்ற கவிதைத் தொகுதியை அம்மென்பொருள்கள் பொருளற்ற குறிகளாகவே காண்கின்றன. படமாக மட்டும் வருடப்பெற்ற பக்கத்தில் அவை எழுத்தையே காண்பதில்லை. ஒருங்குறியில் அமைந்த கோப்பு ஒன்றிருப்பின், அதனைப் புள்ளித் தமிழாக மாற்றுதல் எளிது.

இலக்கிய வட்டங்கள் வெளியிடும் ஒவ்வொரு நூலுக்கும் மலருக்கும் அத்தகைய கோப்பொன்றைச் சேமித்து, வேண்டும் பள்ளிகளுக்கு வழங்குதல் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. அவ்வாறு செய்யின், கவிஞர் ஆய்ந்து அமைத்த எழுத்து, அமைத்தவாறே பார்வையற்ற மாணவரின் விரலையும் சென்றடையும்.