கரிசல் செடியும் ஓவியர் கண்ணும்: தென்னிந்தியத் தாவர ஓவியத்தில் வழிகாட்டல் வளர்ந்த வரலாறு

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் கருவேல், வெள்வேல், குடைவேல், சீமைக்கருவேல் என நான்கு முள்மரங்கள் வளர்கின்றன. முதல் மூன்றும் இம்மண்ணுக்கு உரியவை. நான்காவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முள்ளை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றே. வரைந்து பழகியவருக்கு நான்கும் வேறு வேறு. இப்படிப் பார்க்கும் பயிற்சியைத் தென்னிந்தியாவில் யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

பெயரில்லா ஓவியர்கள்

லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான வில்லியம் ராக்ஸ்பர்க், இந்திய ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரைவித்தார். அவரது சோழமண்டலக் கரைத் தாவரத் தொகுதிகள் 1795 முதல் 1820 வரை, 300 படங்களுடன் வெளிவந்தன. பூவை எப்படிப் பிரிப்பது, எந்த உறுப்பைப் பெரிதாக்கிக் காட்டுவது என்பதைத் தாவரவியலாளர் சொன்னார், ஓவியர் வரைந்தார். படம் நிலைத்தது; வரைந்தவர் பெயர் நிலைக்கவில்லை.

ரங்கையாவும் கோவிந்துவும்

1819இல் சென்னைக்கு வந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் காலத்தில் இந்நிலை மாறியது. முதலில் ரங்கையாவும் பின்னர் கோவிந்துவும் அவருக்காக வரைந்தனர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவரது பெருந்தொகுதியில் 2,101 படங்கள் உள்ளன. பல படங்களின் அடியில் ஓவியர் பெயரும் அச்சாகியுள்ளது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். நம் குடைவேலுக்கு அறிவியல் பெயரிட்டவர்களும் வைட்டும் அவருடைய நண்பர் வாக்கர் ஆர்னாட்டுமே, ஆண்டு 1834.

படமற்ற நூலும் படம் மீண்டதும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். தாவர ஓவியம் அங்கே பாடமாயிற்று. ஆனால் 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் படங்கள் இல்லாமல் அமைந்தது. அதே காலத்தில் ஃபைசன் நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் படங்களோடு தொகுத்தார். சமவெளிக்குக் கோட்டோவியங்களை மீட்டுத் தந்தவர் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் அருட்தந்தை கே.எம். மாத்யூ. தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதி பற்றிய அவருடைய படத்தொகுதிகள் 1982லும் 1988லும் வெளிவந்தன. 2018இல் மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களைப் பற்றிய நூலில் திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோருடன் ஓவியர் நிருபா ராவும் ஆசிரியராக நின்றார். அட்டையில் பெயரே இல்லாதிருந்த ஓவியர் நூலாசிரியராக உயர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கரிசலில் வரைதல்

உலர்ந்த மாதிரியில் நிறம் போய்விடும்; ஒடித்த வேல மரக்கிளையில் சிற்றிலைகள் விரைவில் கூம்பிவிடும். ஆகவே செடி நிற்கும் இடத்துக்கே போக வேண்டும். ஓவியரின் வழிகாட்டல் அங்கேதான் பயன் தருகிறது: முதலில் மரத்தின் மொத்த வடிவம், பிறகு கிளை பிரியும் முறை, அதன்பின் அளவெடுத்த இலை, பூ, காய். கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தாற்போன்ற காய். குடைவேலுக்குத் தட்டையான தலை, வெண்ணிற உருண்டைப் பூ, நீண்ட நேர்முள்ளோடு குட்டையான வளைமுள். வெள்வேலுக்கு வெளிறிய பட்டை, கிளைநுனியில் கொத்துக் கொத்தாகப் பூ. சீமைக்கருவேலுக்கு நீண்ட பூங்கதிர். ஐப்பசி மழைக்குப் பின் தலைகாட்டும் சிறுபூண்டுகளோ சில வாரங்களில் காய்ந்துவிடும். அவற்றை அப்போதே வரைந்தாக வேண்டும்.

முடிவுரை

தாவரவியலாளர் ஓவியருக்குக் கற்பித்த காலத்திலிருந்து, ஓவியர் மற்றவர்களுக்குப் பார்க்கக் கற்பிக்கும் காலத்துக்கு இவ்வரலாறு வந்து சேர்ந்திருக்கிறது. மலைக்காடுகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் வறண்ட நிலத்துக்கும் உரியது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பள்ளி கல்லூரி ஆசிரியர்கள் வரும் மழைக்காலத்தில் மாணவர்களை ஒரு தாவர ஓவியரோடு கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். வரையப்படும் ஒவ்வொரு தாளிலும் செடியின் ஊர்ப்பெயர், இடம், நாள் ஆகியவற்றோடு வரைந்தவர் பெயரும் இருக்கட்டும்.