பால்வாடியில் பால் இல்லை!

தமிழ்நாட்டில் பால்வாடி என்றால் குழந்தைகளுக்குப் பால் ஊற்றும் இடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். உண்மையில் அந்தப் பெயரில் பாலே இல்லை. குஜராத்தியிலும் மராத்தியிலும் 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம். அதேபோல அங்கன்வாடியில் உள்ள 'அங்கண்' என்பது வீட்டு முற்றம். பள்ளிக்கூடம் எப்படி முற்றத்துக்கு வந்தது என்பதுதான் கதை. அதைக் கொண்டுவந்தவர்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் அல்ல. பல வருடம் பாடம் நடத்திப் பழகிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்ட இரண்டு ஆசிரியைகள்.

முதலாமவர் தாராபாய் மோடக். 1892இல் பிறந்தவர், பட்டதாரி. ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரிக்கே தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைப்பது அரிது. 1923இல் அதை விட்டுவிட்டு பாவ்நகருக்குப் போனார். அங்கே கிஜுபாய் பதேக்கா என்பவர் 1920இல் ஒரு பாலர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். கிஜுபாய் ஆசிரியரே அல்ல, வக்கீல்! மரியா மாண்டிசோரியின் முறையைப் படித்து, அதில் மனம் பறிகொடுத்து, வக்கீல் தொழிலை விட்டவர். அடி கிடையாது, மனப்பாடம் கிடையாது. கதை, பாட்டு, விளையாட்டு உண்டு. ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்தவர் ஒரு முன்னாள் வக்கீலிடம் வந்து கற்றுக்கொண்டார் என்பது சாதாரண விஷயமா என்ன?

பிறகு 1926இல் இருவரும் சேர்ந்து நூதன் பால சிக்ஷண் சங்கத்தை அமைத்தார்கள். 1936இல் தாராபாய் பம்பாய் தாதரில் சிசு விகாரைத் தொடங்கினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வந்தவை நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகள். குளித்து, சாப்பிட்டு, தலைவாரி வரும் பிள்ளைகள். ஏழைப் பிள்ளைகளுக்கு இது எட்டவில்லை.

1945இல், 53 வயதில், தாராபாய் அன்றைய தாணே மாவட்டத்தில் கடலோரமாக இருந்த போர்டி கிராமத்துக்குக் குடிபோனார். சுற்றுப்புறம் வார்லி பழங்குடியினர் வாழும் பகுதி. நிலக்காரர்களிடம் கொத்தடிமைகளாகக் கிடந்த வார்லிகள் கிளர்ந்தெழுந்ததும் அதே வருடம்தான்.

அங்கே தாராபாயுடன் சேர்ந்தவர்தான் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம், சில மாதங்களிலேயே விதவை. படித்து ஆசிரியை ஆனார். கிராமப் பள்ளிகளிலும், பிறகு புனேயில் ஒரு பெண்கள் பள்ளியிலும் பல ஆண்டுகள் வேலை. போர்டிக்கு வரும்போது வயது 35. கரும்பலகை, மணி, வருகைப் பதிவேடு எல்லாம் கைவந்த கலை.

அந்த அனுபவம் போர்டியில் பெரிதாக உதவவில்லை. பத்து மணிக்கு மணியடித்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பது, பிள்ளைக்கு வேறு வேலை இல்லாத ஊரில் மட்டும் சரி. இங்கே ஆறு வயதுப் பெண் தம்பியை இடுப்பில் சுமக்க வேண்டும், பையன் மாடு மேய்க்க வேண்டும். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, அவர்கள் வரவில்லையென்றால் நாம் போவோம் என்று ஆசிரியைகள் அவர்களுடைய முற்றத்துக்கே போய் உட்கார்ந்தார்கள். அதுதான் அங்கன்வாடி. பாடம் அப்புறம், முதலில் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, தின்னக் கொடுப்பது. மாண்டிசோரி சாதனங்களை விலை கொடுத்து வாங்க வழியில்லை. மூங்கில், கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை ஆகியவையே எண்ணவும் அடுக்கவும் போதுமானவையாயின.

1957 வாக்கில் வேலை அருகிலிருந்த கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே செய்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது. குழந்தைகள் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். பெயர் விகாஸ்வாடி. தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்கா வகுப்பில் உட்காரலாம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. (பாடத்திட்டம் எழுதும் அறையில் உட்கார்ந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகமே.) பால்வாடி ஆசிரியைகளுக்கான பயிற்சியும் இதே குன்றில்தான் நடந்தது.

தாராபாய்க்கு 1962இல் பத்மபூஷண் கிடைத்தது. 1973இல் காலமானார். இரண்டு வருடம் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரையே வைத்தது. பெயர் நாடு முழுக்கப் போனது, ஆனால் அந்தப் பெயரோடு வந்த ஆசிரியை என்ற அந்தஸ்து போகவில்லை. மையத்தை நடத்தும் பெண்ணை அரசு கௌரவ ஊழியர் என்றது. அவருக்குக் கிடைத்தது சம்பளம் அல்ல, மதிப்பூதியம்.

அனுதாய் 1992இல் இறக்கும்வரை கோஸ்பாட் வேலையை விடவில்லை. பிறருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே தானும் பரீட்சைக்குப் படித்து 1961இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 51.