480 வாய்களும் ஒரு துண்டுச் சீட்டும்

ஈறு அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். தையல் பிரிக்கும்வரை அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது. அதுவரை குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் தினம் இரண்டு வேளை கொப்பளிக்க வேண்டும். பிறகு மென்மையான பிரஷால் ஈறு ஓரமாகத் தேய்க்க வேண்டும். பல் இடுக்குக்குத் தனியாக ஒரு சின்ன பிரஷ். மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். நம்மில் பலர் இதில் மாத்திரை எத்தனை வேளை என்பதை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை மடித்து வைத்துவிடுவோம். காசு கொடுத்தது சிகிச்சைக்கு, சீட்டு இலவசம்தானே.

ஆனால் அந்தச் சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. சில சோதனைகள் ஸ்காண்டிநேவியாவில் நடந்தன. மிக நீண்ட ஒன்று இலங்கை மலையகத்தில், தமிழர்களின் வாயில் நடந்தது.

முதலில் டென்மார்க். 1965இல் ஆர்ஹூஸ் பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்டு லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர். அவர்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: பல் தேய்க்காதீர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் வயசு, உடம்புச் சூடு, சத்துக் குறைவு என்று எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்தான் ஈறை வீங்க வைக்கிறது, அதை எடுத்தால் வீக்கம் போகிறது என்பதைத் தேதி போட்டுக் காட்டியது இந்தச் சோதனை.

1970இல் லோவும் ஷியொட் என்பவரும் அடுத்த கேள்விக்குப் போனார்கள். தேய்க்கவே முடியாத நிலையில் என்ன செய்வது? குளோர்ஹெக்சிடின், 1950களில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் கொண்டுவந்த கிருமிநாசினி. அதை 0.2 சதவீதக் கரைசலாகத் தினம் இருமுறை கொப்பளித்தவர்களுக்கு, பல் தேய்க்காமலே படலம் சேரவில்லை. பல்லில் பழுப்புக் கறை படிந்தது, நாக்கு ருசி கெட்டது. அதனால் இது பிரஷுக்கு நிரந்தர மாற்று ஆகவில்லை. தையல் இருக்கும் சில நாட்களுக்கு மட்டும் பிரஷின் வேலையைப் பார்க்கும் தற்காலிக ஆளானது. பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு இதைக் கொப்பளித்தால், பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது ஸ்வீடனின் கோத்தன்பர்க். இங்கே நடந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 1975இல் நைமன், ரோஸ்லிங், லிண்டே மூவரும் ஈறு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 20 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 2 ஆண்டுகள் கவனித்ததை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையிலேயே பல் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறைதான். முதல் குழுவுக்கு ஈறு ஆறி நிலைத்தது. இரண்டாவது குழுவுக்கு நோய் திரும்பி வந்து மேலும் அரித்தது.

சரி, அறுக்கும் முறையில் ஏதாவது வித்தியாசம் இருக்குமோ? அதையும் பார்த்தார்கள். 5 விதமான அறுவை முறைகள். 1976இல் வந்த ஆய்வில், அடிக்கடி சுத்தம் செய்யப்பட்ட 50 பேருக்கும் எந்த முறையில் செய்திருந்தாலும் நன்றாக ஆறியது. 1977இல் வந்த ஆய்வில் அதே 5 முறைகள், 25 பேர், 6 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம். 5 முறைகளும் தோற்றன.

நான் சாப்ட்வேர்க்காரன். ரிலீஸ் அன்று கேக் வெட்டுவோம், மெயின்டனன்ஸ் டீமுக்கு யாரும் கேக் வாங்கித் தருவதில்லை. அதனால் இந்த முடிவு எனக்கு உடனே புரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஸ்வீடன்காரர்களுக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை வேறொருவர் சுத்தம் செய்தார். உலகத்தில் எந்த ஊரிலும் எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது. அந்த வேலை வீட்டுக்கு வந்தது, நம் தலையில் விழுந்தது. சீட்டில் 'ஈறு ஓரமாக, இடுக்கில்' என்று எழுதியிருப்பது அந்த 2 வார வருகைக்குப் பதிலாகத்தான்.

எங்கள் வீட்டில் சித்தி சொல்வார்: "க்ளீனிங் பண்ணாதடா, பல்லு ஆடிப் போயிரும்." தமிழ்நாட்டில் இதைக் கேட்காத காது இருக்காது. முழுக்கப் பொய்யும் இல்லை. உள்ளே எலும்பு கரைந்த பற்களை, இடையில் கட்டியாக இறுகிய காரை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். சித்திக்கு வரும் அடுத்த வாதம், "எங்க தாத்தா என்னத்த பிரஷ் பண்ணாரு? எண்பது வயசுல முறுக்கு கடிச்சாரு." இதற்கான பதில்தான் மலையகத்தில் கிடைத்தது.

பல்லைப் பாதுகாக்கவே செய்யாவிட்டால் ஒரு ஆயுளில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். 3 வாரச் சோதனை அதைச் சொல்லாது. அதற்காக லோவின் குழு இரண்டு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. 1969இல் ஆஸ்லோவில் மாணவர்களும் கல்வித்துறையினருமாக 565 ஆண்கள். சின்ன வயசிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்தவர்கள். 1970இல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்கள். எல்லோரும் ஆண்கள். பல் மருத்துவம் அறியாதவர்கள், வழக்கமான பல் துலக்கல் இல்லாதவர்கள். 40 வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் சராசரியாக 1.5 மி.மீ. அளவில் போயிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு 4.5 மி.மீ.

1986இல் வந்த கட்டுரை இன்னும் நுணுக்கமானது. தொழிலாளர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை, அத்தனை காரை இருந்தும். முறுக்கு கடித்த தாத்தா அந்த 11இல் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கணக்கில் வருவான் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. ஒருவரை மூன்று மாதத்திலும் இன்னொருவரை ஆறு மாதத்திலும் வரச் சொல்லும் வழக்கத்துக்குப் பின்னால், எல்லா உடம்புக்கும் ஒரே வேகம் இல்லை என்ற இந்த அறிவு இருக்கிறது.

இந்த ஆய்வு வரிசைக்குப் பெயர், மனிதனில் ஈறு நோயின் 'இயல்பான போக்கு'. அந்த வார்த்தையில்தான் எனக்கு நெருடல். பிரிட்டிஷார் காலத்தில் தமிழகத்திலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. ஆய்வுக்குழு வாயைத் திறந்து அளந்துகொண்டிருந்த அதே 1970களில், மலையகக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. 480 பேரில் 1985இல் மிஞ்சியது 161. லயத்து வீட்டில், பல் மருத்துவர் எட்டாத தூரத்தில் வாழ்ந்த வாய்க்கு என்ன ஆகும் என்பதை 'இயல்பு' என்று எழுதினார்கள். ஆய்வுக்கு அந்த வாய்கள் மதிப்புள்ளவை ஆனதே, யாரும் அவற்றைக் கவனிக்காததால்தான்.

ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. அதனால் கோடிப் பேர் பலன் பெற்றிருக்கிறார்கள், நானும்தான். ஆனால் அந்தப் பலன் எந்தத் திசையில் போனது என்பதும் வரலாறுதான். 2010இல் ஆய்வாளர்கள் மறுபடி தோட்டத்துக்குப் போனார்கள். 75 பேர் அகப்பட்டார்கள். 40 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாய்களில் அளக்க வேண்டியிருந்தது 'இயல்பான போக்கு'தான்.

சீட்டில் 'வீட்டில் செய்ய வேண்டியவை' என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கும். வீட்டில் குழாய் இருக்கும், கண்ணாடி இருக்கும், ராத்திரி பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. இருக்கிறவர்கள் செய்துவிடலாம். இன்று ராத்திரியே.