கிள்ளான் சம்பாத்தியமும் ஊர்வீட்டுத் தளவரிசையும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடும் கல்யாண வீடுகளிலும் நோன்பு திறப்பு நிகழ்ச்சிகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "ஊர்வீட்டுத் தரையைப் பேர்த்துவிட்டு டைல்ஸ் போடச் சொல்லியாச்சு." கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், பனைக்குளம், கீழக்கரை என ஊர் மாறும், பேச்சு மாறாது. இப்பொன்விழா மலரில் தலைவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் அந்தத் தரையைப் பற்றி எழுத எண்ணினோம். நம் முன்னோர் இந்நாட்டில் ஈட்டியதில் ஒரு பங்கு அதில்தான் பதிந்து கிடக்கிறது.

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், பலகைச் சுவருக்கும் அத்தாப்புக் கூரைக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்றார். அதற்காகச் சூளைகள் எரிந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ். நம்மவர் பிழைக்க வந்ததும் அத்தகைய செங்கல் கடைவீடுகளுக்குத்தான். கீழே கடை, மேலே பலகைத் தரை. முன்னால் அஞ்சடி, அதில் ஓர் ஒட்டுக்கடை. இரவில் கடையை மூடிய பிறகு சிப்பந்திகள் மேல்மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். மூட்டை முடிச்சு வைக்க ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழ்க்கையில் பாதியைக் கழித்த பலருக்கு, இங்கே சொந்தமென்று ஒரு சாண் தரை கூடக் கிடையாது.

ஆனால் ஊரில் தரை மாறிக்கொண்டே இருந்தது. உண்டியலில் அனுப்பிய பணம் முதலில் கடனுக்குப் போகும், அடுத்து குமர்களுக்குப் போகும், மிச்சம் வீட்டுக்கு வரும். மண் தரை சுண்ணாம்புக் காரையாயிற்று. பின்பு சிமெண்டில் காவிப்பொடி கலந்து கரணையால் தேய்த்த சிவப்புத் தரையாயிற்று. இன்னும் கை ஓங்கியவர்கள் கூடத்துக்கு மட்டுமாவது ஆத்தங்குடிக் கல் வாங்கினார்கள்.

அந்தக் கல் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, முதுகுப் பக்கம் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். அதன் பின் காயும். சூளையே இல்லை. அதன் வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. மெருகோ நடக்க நடக்க ஏறுவது.

நடந்தது யார்? சபுராளி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சில மாதம் வந்து போவார். அந்தத் தரையில் நாளும் நடந்தவர்கள், முழங்காலிட்டுத் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தவர்கள், சஹனைச் சுற்றி விருந்தினரை அமரவைத்துவிட்டு மீண்டும் கழுவியவர்கள் நம் உம்மாமார்களும் மாமிமார்களும். பணம் அனுப்பியவர் பெயர் குடும்பக் கதைகளில் தவறாமல் வருகிறது. மெருகேற்றியவர்கள் பெயர் வருவதில்லை. இது நம் வரலாற்றில் உள்ள குறை என்றே கருதுகிறோம்.

1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களில் பலர் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினமோ சென்னையோ போய் இறங்கினார்கள். அந்தக் கப்பலும் 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது. முப்பது வருடம் பலகையில் படுத்தவர்கள், தாங்கள் காசு கொடுத்துப் போட்ட தரையில் அப்போதுதான் நிம்மதியாகக் காலை நீட்டினார்கள். இங்கேயே தங்கிக் குடியுரிமை பெற்றவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். ஊர்வீட்டுச் சாவி உறவினர் கைக்குப் போனது.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் கெடுவது தரைதான். கூரை ஒழுகும், நிலத்தடி ஈரம் மேலேறும், எண்ணெயும் கால் நடமாட்டமும் இல்லாமல் கல் வெளிறும். பார்க்கிறவர்களுக்கு அது செத்த தரை. உண்மையில் பெரும்பாலும் அது தூங்குகிற தரை. ஈரம் வரும் வழியை அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு எண்ணெய் கொடுத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும். அடித்தளம் இறங்கிப்போன தரைக்கு மட்டும் பேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழையதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது சுலபம்தான். ஆனால் தரை மட்டம் உயரும், தேக்குக் கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

இந்தப் பாடத்தை நாங்கள் விலை கொடுத்தே கற்றோம். கிள்ளானிலிருந்து தொலைபேசியிலேயே, "கூடத்தில் பெயிண்ட் கறை இருக்கிறது, சுத்தம் செய்யுங்கள்" என்றோம். வேலைக்கு வந்தவர் ஆசிட் ஊற்றிவிட்டார். சிமெண்ட் கல்லை ஆசிட் தின்னும். வாசற்படி ஓரத்தில் பூவெல்லாம் போய் வெறும் சொரசொரப்பு மிஞ்சியது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரில் போகாதது எங்கள் தவறு. முழுவதையும் எடுத்துவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னார்கள். மாமி மட்டும் மறுத்தார். அன்று தரை போட்டவர்கள் மிச்சக் கற்களை மச்சில் வைத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவிருந்தது. சாக்கில் சுற்றிய ஏழு கற்கள் கிடைத்தன. கெட்டதும் ஏழுதான்.

இப்போது அவை பதிந்துவிட்டன. மற்றவற்றைப்போல் மெருகில்லாமல் தனியே தெரிகின்றன. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போன பேரப்பிள்ளைகள் அவற்றை எண்ணி எங்களுக்குப் படம் அனுப்பினார்கள். படத்தின் ஓரத்தில் மாமியின் கையும் எண்ணெய்த் துணியும் இருந்தன.