திரமிசு: கேக் கடையில் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருச்சியின் கேக் கடைகளிலும் கஃபேக்களிலும் இப்போது திரமிசு எளிதாகக் கிடைக்கிறது. பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் இந்த இத்தாலிய இனிப்பில் மது சேர்கிறதா என்ற சந்தேகம் பல வீடுகளில் எழுகிறது. அதன் வரலாற்றையும் சேர்மானங்களையும் பார்ப்போம்.

எங்கே தோன்றியது?

'திரமிசு' என்றால் 'என்னைத் தூக்கி விடு', அதாவது சோர்வைப் போக்கு என்று பொருள். வடகிழக்கு இத்தாலியின் திரெவிசோ நகரில் உள்ள 'லே பெக்கெரியே' உணவகம், 1970-களின் தொடக்கத்தில் இதைப் பிரபலப்படுத்தியது. பக்கத்து மாநிலமான ஃபிரியூலியும் இதற்கு உரிமை கோருகிறது. 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் தனது பாரம்பரிய உணவுப் பட்டியலில் ஃபிரியூலியின் பெயரில் இதைச் சேர்த்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது.

சேர்மானங்கள்

மஸ்கார்போனே என்ற கெட்டிப் பாலேடு, முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, நீள வடிவ பிஸ்கட், காபி டிகாக்‌ஷன், மேலே தூவக் கோகோ தூள். திரெவிசோ உணவகத்தின் மூலச் செய்முறை இவ்வளவுதான். அதில் மது இல்லை. மர்சாலா ஒயின், ரம் போன்றவை பிற்பாடு மற்றவர்கள் சேர்த்தவை.

எதைக் கவனிப்பது?

திரமிசு அடுப்பில் வேகாத இனிப்பு. எனவே, 'சூட்டில் மது ஆவியாகிவிடும்' என்ற வாதத்துக்கே இங்கு இடமில்லை. போதை தரும் பொருளில் சிறிதளவும் கூடாது என்பதே மார்க்கத்தின் நிலை.

பாக்கெட்டில் உள்ள பச்சைக் குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது சைவம் என்பதைத்தான் காட்டும். ஒயினும் ரம்மும் தாவரத்திலிருந்தே வருவதால் மது இல்லை என்பதற்கு அது சான்றாகாது. சில கடைகளில் கிரீம் இறுகுவதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது விலங்கின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுக்கப்படுவது. ஆகவே மது, ரம் எசன்ஸ், ஜெலட்டின் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வீட்டிலேயே செய்ய

அரை லிட்டர் ஃபிரெஷ் கிரீமைக் கொதிக்க விடாமல் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வடிய விட்டால் மஸ்கார்போனே தயார். இத்துடன் பொடித்த சர்க்கரை சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல, அதைத் தவிர்த்துவிடலாம்.

டிகாக்‌ஷனுக்கு, ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ காபிக்கொட்டை அரைத்துத் தரும் கடையில் சிக்கரி கலக்காத தூள் வாங்குங்கள். ரஸ்க்கை ஆறிய டிகாக்‌ஷனில் நனைத்து அடுக்கி, மேலே கிரீமைப் பரப்புங்கள். இப்படி இரண்டு அடுக்கு வைத்து, கோகோ தூவி ஆறு மணி நேரம் குளிரவைத்தால் போதும். பிள்ளைகள் கேட்டதும் கிடைக்கும், சேர்ந்த பொருள் ஒவ்வொன்றும் நமக்குத் தெரிந்ததாகவும் இருக்கும்.