கிராமையர் இசையாக்கப் பரிசு

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் சர்வகலாசாலை, சமகால மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தில் தோன்றும் சிறந்ததொரு புதிய படைப்பின் ஆசிரியருக்கு அளிக்கும் சர்வதேசப் பரிசு. அச்சர்வகலாசாலையில் ரசாயனப் பொறியியல் கற்று, பின்னர்த் தொழிலதிபராகிப் பெரும்பொருள் ஈட்டிய சார்லஸ் கிராமையர் என்பவர் 1984-இல் இதனை நிறுவினார்.

சங்கீத வித்துவானல்லாத ஒருவர் வகுத்த இப்பரிசின் தேர்வுமுறையே இதன் தனிச்சிறப்பு எனல் தகும். அண்மை ஐந்தாண்டுகளுக்குள் அரங்கேறிய படைப்புகளை முதலில் சர்வகலாசாலையின் இசைப் பேராசிரியர்களும், அடுத்துத் துறைவல்ல நிபுணர்களும் ஆராய்ந்து வடித்துத் தர, இறுதித் தீர்ப்பை, இசையைத் தொழிலாகக் கொள்ளாத, ஆயினும் அதில் ஈடுபாடுடைய ரசிகர் குழுவொன்று வழங்குகிறது. புதுமையின் பெயரால் கேட்போரிடமிருந்து விலகிச் சென்றுகொண்டிருந்த ஒரு கலைக்கு இத்தகைய செவிகளின் சாட்சியம் அவசியமென்று கருதியது மிகவும் போற்றத்தக்க விவேகமாகும்.

1985-இல் முதற்பரிசு, மூன்றாம் சிம்பொனியை இயற்றிய போலந்து நாட்டு விட்டோல்ட் லூட்டோஸ்லாவ்ஸ்கிக்குக் கிடைத்தது. அப்பெருந்தகை அத்தொகையைத் தம் தேசத்து இளம் இசையமைப்பாளர்கள் அந்நிய நாடுகளில் பயிலும்பொருட்டு உபகாரச் சம்பளமாக்கி உதவினார். மறுஆண்டு, பியானோப் பயிற்சி உருப்படிகளுக்காக ஜியார்ஜி லிகெட்டி இப்பரிசைப் பெற்றார். 1989-இல் கம்போடியாவில் பிறந்த சினாரி உங், 1990-இல் பெண்களில் முதல்வராக ஜோன் டவர், 1994-இல் ஜப்பானியரான டோரு டாகெமிட்சு, 2003-இல் பின்லாந்தின் காயா சாரியாஹோ, 2004-இல் கொரியாவில் பிறந்த உன்சுக் சின் முதலியோர் இதனைப் பெற்றனர். தொடக்கத்தில் 1,50,000 டாலராயிருந்த பரிசுத்தொகை, பிற்காலத்தில் 1,00,000 டாலராயிற்று.