டீசல் கார்ல குபுகுபுன்னு புகை வருதா? கலரைப் பார்த்தாலே பாதி காரணம் தெரிஞ்சிடும்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஓரிக்கையைத் தாண்டி முன்னால் ஒரு ஜல்லி லாரி கியர் மாற்றும். ஒரு நொடியில் முகத்துக்கு நேரா கருப்பா ஒரு மேகம். திட்டு எல்லாம் லாரிக்காரருக்குத்தான் விழும். ஆனால் அதே சாலையில் ஓடும் பழைய டீசல் கார்களும் டூர் டாக்ஸிகளும் பல நேரம் இதே வேலையைச் செய்கின்றன. ஓட்டுபவருக்கு மட்டும் தெரியாது, ஏன்னா புகை போறது பின்னாடி!

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியோ, புகை டெஸ்ட்டில் ஃபெயில் ஆகியோ விஷயம் தெரிய வரும்போது ஷெட்டில் முதலில் சொல்லும் பதில் பெரும்பாலும் "இன்ஜெக்டர் போச்சு சார்" அல்லது "டர்போ மாத்தணும்". அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சில நூறு ரூபாய் ஏர் ஃபில்டரில் முடிய வேண்டிய வேலைக்கு பல ஆயிரங்கள் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அதனால் காசை எடுப்பதற்கு முன்னால் புகையை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடுவது நல்லது.

கருப்பா, நீலமா, வெள்ளையா?

ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்ய வேண்டாம், வெட்டவெளியில்தான்.

கருப்புப் புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை. ஒன்று, காற்று குறைவாகப் போகிறது. இல்லை, டீசல் அதிகமாகப் போகிறது. டீசல் கார்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

நீலம் கலந்த சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. எண்ணெய் கருகிய வாடை வரும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவும் மாதா மாதம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வெள்ளைப் புகையில்தான் குழப்பம். மார்கழி மாசக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக வந்து, ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. கண் எரியும் அளவுக்கு டீசல் வாடையோடு வந்தால் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

கருப்புப் புகைக்கு எங்கிருந்து தொடங்குவது?

மலிவான இடத்திலிருந்துதான். முதலில் ஏர் ஃபில்டர். கம்பெனி புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம் என்று போட்டிருப்பது சாதாரண சாலைக்கு. குவாரி லாரிகள் ஓடி ஓடி மண்ணும் கல்தூளும் பறக்கும் உத்திரமேரூர் பக்கத்துச் சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு முன்னாலேயே கழற்றிப் பார்க்க வேண்டும். ஏர் அடித்து சுத்தம் பண்ணினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பேப்பர் ஃபில்டரை அழுத்தமாக ஏர் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். புதுசு போட்டுவிடுவதே லாபம்.

அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஓஸ். இதில் ஒரு சின்ன விரிசல் இருந்தால்கூட டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று வெளியே போய்விடும். அறிகுறி எளிது: திடீரென்று புல்லிங் இல்லை, மிதித்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம், பின்னால் கருப்பு. "டர்போ போச்சு" என்று சொல்லப்படும் கேஸ்களில் இந்த ஓஸும் அதன் கிளிப்பும்தான் குற்றவாளி என்பது அடிக்கடி நடப்பது. டர்போவைக் கழற்றுவதற்கு முன் ஓஸைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஈரம் இருக்கும் இடத்தில் விரிசல் இருக்கும். இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு.

மூன்றாவது இ.ஜி.ஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடு வாயுவைக் குறைப்பது இதன் வேலை. புகையோடவே வாழ்வதால் இதில் கரி படியும். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் புகை போகும். பிறகு வெளியே வருவதும் கரும்புகைதான். பல வண்டிகளில் கழற்றி சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேனர் போட்டு சென்சார்களைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் அதற்கும் பிறகுதான். அதையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்து, எது கெட்டதோ அதை மட்டும் சரி செய்யலாம். நாலையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காமன் ரெயில் இன்ஜின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பாய்கிறது. கார் டயரில் இருப்பது ரெண்டு பார் சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும் இன்ஜினில் டீசல் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய காயம்.

டீசல் மேலேயே சந்தேகம் இருந்தால், பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். ஹைட்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

டவுனுக்குள்ளேயே ஓடும் புது வண்டிக்கு வேற தலைவலி

2020 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை அது அப்பப்போ தானே எரித்துக்கொள்ளும். அதற்கு சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

ஓரிக்கையிலிருந்து காந்தி ரோட்டுக்குப் போய் பட்டுப் புடவை எடுத்துவிட்டுத் திரும்பும் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. இன்ஜின் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் வடிகட்டி நிரம்பி டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். வெள்ளைகேட் வழியாக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, 15 - 20 நிமிஷம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். எந்த வேகம், எத்தனை நிமிஷம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். விளக்கைக் கண்டுக்காமல் ஓட்டினால் அடுத்த கட்டம் சர்வீஸ் சென்டர்தான்.

இந்த நேரத்தில் சைலன்சர் பக்கம் கடும் சூடாக இருக்கும். அறுவடை சீசனில் நம்ம ஊர் சாலைகளில் வைக்கோலைப் பரப்பிக் காய வைப்பது வழக்கம். அதன் மேல் வண்டியை நிறுத்துவது எந்த வண்டிக்கும் ஆபத்து, டி.பி.எஃப் எரிந்துகொண்டிருக்கும் வண்டிக்கு ரொம்பவே ஆபத்து.

இன்னொன்று, வடிகட்டியை எரிக்கும் வேலை பாதியில் பாதியில் நின்றுபோனால் டீசல் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே ஆயில் மாற்றுங்கள்.

சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்கலைன்னா?

நீலப் புகையை "ஆயில் கொஞ்சம் குடிக்குது, ஊத்தி ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. டர்போவின் சீல் மொத்தமாகப் போய்விட்டால் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுத்து ஓடத் தொடங்கும். காலை எடுத்தாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றும் எரிய ஒரு எண்ணெயும் இருந்தால் அதற்குப் போதும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி, இருப்பதிலேயே மேல் கியரைப் போட்டு கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் இப்படிச் செய்ய முடியாது. ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கி தூரமாகப் போய்விடுவதே வழி. பானெட்டைத் திறந்து கையால் காற்றுக்குழாயை அடைக்கப் போகாதீர்கள்.

புகை சர்டிபிகேட்: எது விதி, எது வதந்தி?

டீசல் கார் டெஸ்ட்டில் இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுசாகச் சில தடவை மிதித்து, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளப்பார்கள். பி.எஸ்.4 வண்டிக்கு வரம்பு மீட்டருக்கு 1.62. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 2.45. பி.எஸ்.6-க்கு இன்னும் இறுக்கம். உங்க சர்டிபிகேட்டில் அந்த எண் அச்சாகி இருக்கும், போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ் ஆனாலும் எண் ஏறிக்கொண்டே வந்தால் வண்டி ஏதோ சொல்கிறது.

குளிர்ந்த இன்ஜினோடு போனால் வீணாக ஃபெயில் ஆகலாம். பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நேராக மையத்துக்குப் போவது நல்லது. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் தாண்டிய பழைய வண்டி என்றால், முதலில் பெல்ட், பிறகு டெஸ்ட். முழுசாக மிதிக்கும்போது பெல்ட் அறுந்தால் இன்ஜினே காலி.

புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் சர்டிபிகேட் தேவையில்லை. பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஒரு வருஷம் செல்லும், பழசுக்கு ஆறு மாசம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, மாசு விதியை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

"சர்டிபிகேட் இல்லாட்டி இன்சூரன்ஸ் புதுப்பிக்க முடியாது" என்பது இப்போது சரியில்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டது உண்மை. அதனாலேயே பல வண்டிகள் மூன்றாம் நபர் காப்பீடு கூட இல்லாமல் ஓடுகின்றன என்று எடுத்துச் சொல்லப்பட்டதும், 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை நீக்கியது. சர்டிபிகேட் இல்லை என்பதற்காக விபத்து க்ளெய்மை மறுக்க முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2020-லேயே தெளிவுபடுத்தியது. இது எதுவும் அபராதத்திலிருந்து காப்பாற்றாது.

வண்டியைக் கொண்டு போகாமலே வாங்கும் சர்டிபிகேட்டைப் பற்றி ஒரே வார்த்தை: அந்தப் பேப்பர் போலீஸுக்குக் காட்ட உதவலாம், உங்க இன்ஜினுக்கு உதவாது. நேர்மையாக வாங்கியதும்கூட முழு ஆரோக்கிய ரிப்போர்ட் இல்லை. டெஸ்ட் நடப்பது லோடு இல்லாமல். அஞ்சு பேரோடு மேடு ஏறும்போது கக்கும் புகை அதில் தெரியாது.

"டி.பி.எஃப்-ஐ கழட்டிடலாம், மைலேஜ் ஏறும்!"

இப்படி ஒரு யோசனை ஷெட்களில் சகஜமாகக் கிடைக்கும். வடிகட்டியைக் காலி செய்து, இ.ஜி.ஆரை அடைத்து, கணினியில் மென்பொருளை மாற்றிவிடுவார்கள். அனுமதியில்லாத மாற்றம் என்பதால் 182ஏ(4) பிரிவின் கீழ் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரன்டியும் போகும்.

புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் மாட்டியது இதில்தான்: சோதனையில் குறைவாகவும் சாலையில் அதிகமாகவும் விட்டது அந்த மென்பொருள். இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உங்க காருக்குள் ஏ.சி ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. அந்தப் புகையை மூச்சில் இழுப்பது பின்னால் பைக்கில் வருகிறவரும், பஸ்ஸுக்காக நிற்கிற பள்ளிப் பிள்ளைகளும்.

செகண்ட் ஹேண்டில் டீசல் வாங்கப் போறீங்களா?

2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகம் இருந்ததால் டீசல் கார்கள் அள்ளிக்கொண்டு போயின. அந்த வண்டிகள்தான் இப்போது குறைந்த விலைக்கு வருகின்றன. சொந்த வண்டியின் ஆர்.சி 15 வருஷத்துக்குத்தான், அதன் பிறகு ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விலை பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். ஆறியிருந்தால் நீங்களே சாவியைத் திருப்புங்கள், உங்களோடு வந்தவர் பின்னால் நிற்கட்டும். சைலன்சர் முனையில் ஒரு விரலை விட்டு எடுங்கள், அதுவும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால். காய்ந்த கரி ஒட்டினால் பழைய டீசல் வண்டிக்கு அது சகஜம். பிசுபிசுப்பாக ஆயில் ஒட்டினால் வேறு வண்டி பாருங்கள்.